வெள்ளை அடித்த பஸ்ஸுக்கு வேப்பிலை கட்டியவன்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். வடிவு பஸ் கைமாறும் என்றேன், மாறியது. சென்னைக்காரர்கள் கையில் அது தங்காது, கடல் தாண்டித்தான் போகும் என்றேன், போனது. பேரை அழிப்பார்கள், பச்சையை அழிப்பார்கள், ஆனால் பச்சை திரும்பி வரும் என்றேன், வந்தது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எவனாவது இல்லை என்று சொன்னால், அவன் அன்றைக்குக் கடைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

தாண்டவராயன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். பட்டா விஷயமாகப் போயிருந்தேன். போனை எடுத்தால் அவன் மகள் செல்வி. "சித்தப்பா..." என்றாள். "தெரியும்மா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த வீட்டிலிருந்து யார் போன் பண்ணினாலும் பின்னால் அவன் குரல் கேட்கும். "யாரு, ரேணுவா? டீ குடிக்க வரேன்னா நான் ஊர்ல இல்லன்னு சொல்லு" என்று கத்துவான். அன்றைக்கு அவள் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

படத்திறப்புக்கு நினைவு மலர் போடுகிறோம், நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நம் பஸ் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். 'அவர்' என்று மரியாதையாக எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. ஆகவே 'அவன்' என்றுதான் எழுதுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தரப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

எழுத ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி அனுப்பிய மலர் வளையத்தில் ஒரு அட்டை கட்டியிருந்தது. 'நம் நிறுவனத்தின் அன்பான முகம்' என்று அதில் போட்டிருந்தார்கள். முகமாவது! அந்த முகத்தை அவர்கள் இரண்டு முறை சஸ்பெண்ட் பண்ணினார்கள். அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் இருக்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். திருவண்ணாமலை - கீழ்பென்னாத்தூர் வடிவு பஸ்ஸில் நான் டிரைவர், அவன் கண்டக்டர். என் கை ஸ்டியரிங்கில் இருந்தால் சீட்டில் வைத்த முட்டை உருளாது. அவன் பஸ் ஸ்டாண்டில் நின்று "சோமாசிபாடி, கீழ்பென்னாத்தூரே!" என்று கூவினால் மலை உச்சியில் தூங்குகிற குரங்கு எழுந்து உட்காரும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் என் பக்கத்துக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொள்வான். "யாரு பாக்கப்போறா?" என்று கேட்டால், "பஸ்ஸுக்கு முன்னாடி அழகு உன்னால இல்லாம போச்சு. உள்ளாறயாவது இருக்கட்டும்" என்பான்.

சண்டை போடாமல் அவனால் ஒரு டிக்கெட் கிழிக்க முடியாது. சோமாசிபாடியில் பூக்காரி முனியம்மாள் தினமும் மல்லிகைக் கூடையோடு ஏறுவாள். ஏறும்போதே ஆரம்பித்துவிடும்.

"ஏறு மகாராணி. உனக்காகத்தான் அண்ணாமலையாரே காத்துக்கினு இருக்காரு."

"வாய் ஜாஸ்தி உனக்கு. கூடையப் புடி மொதல்ல."

"கூடைக்கு லக்கேஜ் போடணும்."

"போடேன் பாக்கலாம். உன் பொண்ணு கல்யாணத்துக்குப் பூ யாருகிட்ட வாங்குவன்னு நானும் பாக்கறேன்."

உடனே கூடை என் சீட்டுக்குப் பின்னால் வெயில் படாத இடத்துக்கு வந்துவிடும். லக்கேஜ் டிக்கெட்டை அவன் கிழித்ததே கிடையாது. செல்வி கல்யாணத்துக்கு முனியம்மாள்தான் பூ கட்டினாள்.

முனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவளோடு நிற்கிற கீரைக்காரம்மா, மல்லாட்டைக் கடலை பறிக்கப் போகிற பெண்கள், அவர்களில் பலருக்கும் தெரியாது. நம் பஸ்ஸை அவர்கள் பச்சையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். புளியமர வரிசைக்கு அந்தப் பக்கம் பச்சை தெரிந்தால் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள். வேறு நிறம் வந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். அது கிளிப்பச்சையும் இல்லை, பாசிப்பச்சையும் இல்லை. இந்த ஜில்லாவில் வேறு எந்த வண்டிக்கும் இல்லாத பச்சை.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்பதை இளம்பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். வடிவு கம்பெனியின் முதல் பஸ் மஞ்சள் நிறம். பூஜை போட்டு, கிரிவலப் பாதையில் ஒரு சுற்று கொண்டுபோனார்கள். அடி அண்ணாமலையில் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் படுத்துப் பார்த்தான், உட்கார்ந்து பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. அப்போது ஒரு சித்தர் வந்தார். இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஏதோ ஒரு கொத்து இலை. அதைக் கசக்கி, சாற்றை பானெட்டில் தடவினார். "இந்த நிறத்துல போ. வழியில கை நீட்டறவங்களை விட்டுட்டுப் போகாத" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. மறுநாளே முதலாளி பச்சை அடித்துவிட்டார். என் அப்பா அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்.

முதலாளி காலமானதும் அவர் பிள்ளைகள் பஸ்களைச் சென்னைக் கம்பெனிக்கு விற்றார்கள். சென்னைக் கம்பெனி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியது, பச்சையைத் தொடவில்லை. அதையும் சேர்த்து வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. அப்போதுதான் வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் காட்டினார்கள்.

சென்னை ஆபீஸிலிருந்து ஒரு இளம் மேடம் வந்திருந்தார். நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கம்பெனியின் கதையை விளக்கினார். முதலில் ஏதோ ஒரு ஊரில் குதிரை இழுக்கிற டிராம் வண்டி விட்டார்களாம். பிறகு பஸ், பிறகு ரயில், பிறகு ஆற்றில் படகு. பக்கத்து ஊர்க் கம்பெனியை வாங்கினார்கள், பக்கத்து நாட்டுக் கம்பெனியை வாங்கினார்கள். வாங்கின இடத்தில் எல்லாம் பழைய பேரை எடுத்துவிட்டு 'லிவாரோ' என்று போட்டார்கள். அவர்கள் பஸ் ஓடுகிற இடத்தில் எல்லாம் புள்ளி வைத்த உலகப் படம் ஒன்று திரையில் வந்தது. தாண்டவராயன் என் காதில், "அம்மை போட்டிருக்குது ரேணு. வேப்பிலைதான் கட்டணும்" என்றான். நான் சிரித்துவிட்டேன். எங்கள் டிப்போ மேனேஜர் தம்பி திரும்பி முறைத்தார்.

அதற்குள் தாண்டவராயன் எழுந்துவிட்டான். "மேடம், லிவாரோன்னா இன்னா அர்த்தம்?"

"அர்த்தம்னு எதுவும் கிடையாது சார். எந்த நாட்டுக்காரங்களும் ஈசியா சொல்லலாம். அதுக்காகவே நிறைய பேர் உட்கார்ந்து யோசிச்ச பேரு."

"வடிவுங்கறது எங்க முதலாளியோட அம்மா பேருங்க. அதை எடுத்துட்டு அர்த்தம் இல்லாத பேரு வைக்கறதுக்கா அத்தினி பேரு உக்காந்து யோசிச்சாங்க?"

மண்டபமே சிரித்தது. மேடமும் சிரித்தார். பேரோடு விட்டிருந்தால் அவனும் உட்கார்ந்திருப்பான். அடுத்த படத்தில் பஸ் வந்தது. முழு வெள்ளை, ஓரத்தில் ஒரு நீலக் கோடு. எல்லா நாட்டிலும் அப்படித்தானாம், எல்லா ரூட்டிலும் அப்படித்தானாம்.

"தூரத்துல வர்றப்ப இது எங்க பஸ்ஸுன்னு எப்டிம்மா தெரியும்?"

"முன்னாடி போர்டுல எழுத்து ஓடும் சார்."

"ஓடட்டும். அதைத் தொரத்திப் புடிச்சிப் படிக்கத் தெரியணுமே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வெள்ளை பஸ்ஸை நான் ஓட்டிக்கொண்டு போன முதல் நாள், சோமாசிபாடியில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டி போகிறது என்று நினைத்தார்களாம். இவன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "நான்தாம்மா! தாண்டவராயன்! ஏறுங்க!" என்று கத்தினான். எங்கள் டிரிப்பில் அப்படி ஏற்றிக்கொண்டோம். மற்ற டிரிப்புகளில் பெண்கள் கை காட்டவில்லை, டிரைவர்களும் நிறுத்தவில்லை.

ஒரு முகூர்த்த நாள். மண்டபத்துக்கு மாலைகளும் உதிரிப்பூவுமாக இரண்டு கூடை வைத்துக்கொண்டு முனியம்மாள் நின்றிருக்கிறாள். வெள்ளை பஸ் வந்தது. இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று கை காட்டி ஏறிவிட்டாள். அது அதே கம்பெனியின் பெங்களூர் எக்ஸ்பிரஸ். கை காட்டியதும் ஏற்றிக்கொண்டவன் திருவண்ணாமலைக்குள் நுழையாமல் ரிங் ரோட்டைப் பிடித்துப் போய்விட்டான். எவ்வளவு கத்தியும் ஊர் தாண்டிச் செங்கத்தில்தான் இறக்கிவிட்டான். அவள் திரும்பி வந்தபோது தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்துவிட்டது. கூடையோடு நேரே எங்கள் பஸ்ஸுக்கு வந்தாள். மற்ற நாளாக இருந்தால் ஏழு தலைமுறையை இழுத்திருப்பாள். அன்றைக்குத் திட்டவில்லை. "இன்னா கண்டக்டரே, எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா, உங்களுக்குக் கெட்டுப்போச்சா?" என்று மட்டும் கேட்டாள். தாண்டவராயன் இரண்டு கூடையையும் வாங்கி என் சீட்டுக்குப் பின்னால் வைத்தான்.

அது போதாது என்று மேனேஜர் தம்பி ஒரு செய்தி கொண்டுவந்தார். நடு ஸ்டாப்புகளில் ஆள் ஏறுவதில்லையாம். கம்ப்யூட்டர் சொல்கிறதாம். ஆகவே பௌர்ணமி கழிந்ததும் சோமாசிபாடி முதலான ஸ்டாப்புகளை எடுத்துவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேராக ஓட்டப்போகிறார்களாம்.

"ஆள் ஏறலன்னு ஸ்டாப்பை எடுக்கறீங்க. ஆள் ஏன் ஏறலன்னு அந்தக் கம்ப்யூட்டரு சொல்லலையா?" என்றான் தாண்டவராயன்.

"அண்ணே, எனக்கு மேல இருக்கறவங்க முடிவு. நான் என்னண்ணே பண்ண முடியும்?"

"நீ ஒண்ணும் பண்ணாத தம்பி. நான் பண்றேன்."

மறுநாள் காலை அவன் மனைவி கஸ்தூரியின் பச்சைப் புடவை எங்கள் பஸ்ஸின் முன்னால் இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரைக்கும் கட்டியிருந்தது. சோமாசிபாடிப் பெண்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டு எழுந்தார்கள். அந்த வாரமே, கம்பெனியின் அடையாளத்தைத் துணியால் மறைத்த குற்றத்துக்காக அவனை சஸ்பெண்ட் பண்ணினார்கள். கஸ்தூரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேல போனாலும் பரவால்ல. அது தீபத்துக்கு எடுத்த புடவை. வேற கெடைக்கலயா இந்த ஆளுக்கு?"

வேலைக்குத் திரும்பி வந்த அன்று ஒரு கட்டு வேப்பிலையோடு வந்தான். "துணி கட்டக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? இது துணியா?" என்றான். முன்பக்கம் முழுக்கக் கட்டினோம். வெள்ளை தெரியாத அளவுக்குக் கட்டினோம். பஸ் ஆடி மாதத்து அம்மன் தேர் மாதிரி போனது. சோமாசிபாடியில் முனியம்மாள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை முன் சக்கரத்தில் ஊற்றினாள். படிக்கட்டில் ஒரு முழம் பூ வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேப்பிலை கட்டி வந்தால் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது நம் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதா?

மேனேஜர் தம்பி மறுபடி சஸ்பெண்ட் பண்ணினார். இவன் வீட்டில் உட்காரவில்லை. காக்கியைப் போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான். பஸ்ஸில் ஏறத்தானே கூடாது? தரையில் நின்று கூவினான். மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் அவன் கையால் வேப்பிலை வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தனை நிறுத்தினால் ரூட்டே வேப்பிலை கட்டிக்கொண்டு ஓடியது. அதில் அவனுக்கு ஒரு கர்வம். "நான் வண்டியில இருந்தா ஒரு பஸ்தான் பச்சை. தரையில நின்னா எல்லாமே பச்சை" என்றான்.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தைக் காட்டுவதற்காகக் கம்பெனியின் பெரிய தலைவரையே அழைத்து வந்தார்கள். வெளிநாட்டுக்காரர், ஏழடி உயரம். ஊர் எல்லையில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். வெள்ளை பஸ்ஸாக நின்றிருக்கும் என்று நினைத்து வந்தவர் முன்னால் வேப்பந்தோப்பு நின்றது. பெண்கள் படிக்கட்டைத் தொட்டுக் கும்பிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தம்பியின் முகம் வெளிறிவிட்டது.

மண்டபத்துக்கு வந்த அதே மேடம்தான் மொழிபெயர்த்தார். "இந்த இலையெல்லாம் எதுக்குன்னு சார் கேக்கறார்."

தாண்டவராயன் முன்னால் போய் நின்றான். "பேரை மாத்தினீங்க, நாங்க ஒண்ணும் சொல்லல. நிறம் உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல மேடம். அது குடுத்தவரு வேற" என்று ஆரம்பித்து, அடி அண்ணாமலையில் சித்தர் வந்த கதையைச் சொன்னான். இலைச்சாற்றைத் தடவின இடத்தில் விரல்தடம் இருந்தது வரைக்கும் சொன்னான். கை நீட்டுகிறவர்களை விட்டுவிட்டுப் போகாதே என்ற வாக்கை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

தலைவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "டிரைவரோட அப்பா அந்த பஸ்லயே இருந்தாருங்க" என்றான் தாண்டவராயன். முனியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நான் பாவாட கட்டின காலத்துலேருந்து கேக்கற கதைதானே இது" என்றாள்.

அடுத்த பௌர்ணமிக்குள் எங்கள் ரூட்டுக்கு மட்டும் பச்சை திரும்பிவிட்டது. 'பாரம்பரிய வழித்தடம்' என்று பேர் வைத்து, லிவாரோ என்பதை மூலையில் சின்னதாகப் போட்டார்கள். ஒரு ஸ்டாப்பையும் எடுக்கவில்லை. அவன் சஸ்பென்ஷனை ரத்து பண்ணி, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். சித்தர் பஸ் பானெட்டில் கை வைத்து நிற்கிற மாதிரி ஒரு விளம்பரப் படமும் அடித்தார்கள். அது இப்போது அவர்கள் பஸ் ஓடுகிற எல்லா நாட்டிலும் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு இவன், "தாடி கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிட்டானுங்க" என்றான். இதுதான் 'நிறுவனத்தின் அன்பான முகம்' நிறுவனத்தோடு இருந்த அழகு. அட்டை எழுதினவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கீழ்பென்னாத்தூரில் அவனை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது பச்சை பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் முதல் ஆள் முனியம்மாள். கூடையில் பாதியை அவன் மேல் கொட்டினாள். "லக்கேஜ் போட ஆள் இல்லாம பண்ணிட்டுப் பூட்டியே" என்று அழுதாள். மீதிக் கூடையைக் கொண்டுபோய் பஸ் படிக்கட்டில் கொட்டினாள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அவனைப் பற்றி எழுதுவதில் ஒரு இடத்தை மட்டும் அப்படியே விட மனசு வரவில்லை. மேலே எழுதியது எல்லாம் சத்தியம். தலைவரின் உயரத்தில் கொஞ்சம் கம்மி பண்ணிக்கொள்ளலாம். சித்தர் மட்டும் இல்லை.

சித்தரும் வரவில்லை, மஞ்சள் பஸ்ஸும் நிற்கவில்லை, என் அப்பா அதில் உட்காரவும் இல்லை. முதலாளியின் ரைஸ்மில் கதவுக்கு அடித்தது போக டின் டின்னாகப் பச்சை பெயின்ட் மிஞ்சியிருந்தது. அதைத்தான் பஸ்ஸுக்கு அடித்தார்கள். அந்தப் பௌர்ணமியன்று மேடம் கேள்வி கேட்டதும் தாண்டவராயன் என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல், "இன்னாடா சொல்றது?" என்றான். "சித்தர்" என்றேன். அவ்வளவுதான் நான் கொடுத்தது. இலைச்சாறு அவனுடையது, விரல்தடம் அவனுடையது, கை நீட்டுகிறவர்களை விட்டுவிட்டுப் போகாதே என்ற வாக்கு முழுக்க முழுக்க அவனுடையது. முனியம்மாள் தானாக வந்து சேர்ந்துகொண்டாள்.

கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும். தைரியம் இருந்தால் மறுபடியும் வெள்ளை அடித்துப் பார்க்கட்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சோமாசிபாடியில் பெண்கள் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக நிற்கிறார்கள். நாங்கள் இல்லாத சித்தரைத்தான் கூப்பிட்டோம். இப்போது அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி அனுப்ப எந்த நாட்டுக் கம்பெனியால் முடியும்?

தாண்டவராயனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய்தான். அவன் இருந்தவரை ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தோம். இப்போது முழுசும் என் தலையில். கனமாக இல்லை. போன பௌர்ணமிக்கு அந்த பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சித்தர் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். சித்தர் காக்கிச் சட்டை போட்டிருந்தாராம். சட்டைப் பையில் சீப்பு இருந்ததாம்.

நான் முன்னால் எட்டி, "ஆமாம்மா, எங்கப்பா பாத்திருக்காரு" என்றேன்.